வரிசையை விட்டுக்கொடுக்காதவள்

மாசி மாதத்து ஞாயிறு பின்னேரம் ஒன்றில், ஸ்டோவ்னரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு பழைய யுத்தப் படத்தைத் திரையிட்டோம். எதிரிப் படை அடைத்து வைத்திருந்த பெண்களின் கதை. கறுப்பு வெள்ளை. பேச்சு ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து நோர்வேஜிய மொழி. வந்திருந்த பெண்களில் பலருக்கு இரண்டுமே அந்த வேகத்தில் பிடிபடாது. எங்கள் மாதர் வட்டத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கே வளர்ந்த பிள்ளை ஒன்று முன்வரிசையில் இருந்து எழுத்தை வாசித்து, தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். இந்த முறை என் தங்கையின் மகளைக் கூப்பிட்டிருந்தேன்.

அவள் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறாள். கிறிஸ்மஸ் லீவுக்குப் பிறகு தாயின் வீட்டுக்குப் போகவில்லை. இறுதிப்போர் முடிந்து அவளையும் தாயையும் வவுனியாவில் முள்வேலிக்குள் வைத்திருந்தபோது அவளுக்கு நான்கு வயது. அங்கே தாய் தன்னை யாரோ ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டுப் போனதும், அந்தப் பெண் இவளின் கையைச் சேலைத் துண்டால் தன்னோடு கட்டி வைத்திருந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. லீவில் அதைக் கேட்டிருக்கிறாள். தங்கை எழுந்து கோப்பை கழுவப் போய்விட்டாள். பதில் சொல்லும்வரை வரமாட்டேன் என்று மகள் போய்விட்டாள்.

அதன்பிறகு இருவரும் என்னிடம் மட்டுமே கதைத்தார்கள். நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் ஒருத்தி போன் எடுப்பாள், சோற்றைப் போட்டுக்கொண்டு இருந்தால் மற்றவள். எனக்கு அலுத்துவிட்டது. இருவரையும் ஒரே அறையில் இருத்தினால் போதும் என்று நினைத்தேன். அதற்கு மேல் திட்டம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. படத்தைத் தெரிவு செய்தவள் வட்டத்திலிருக்கும் திருகோணமலைக்காரி. அழ வைக்காத படத்தை அவள் படமென்று ஒத்துக்கொள்ள மாட்டாள். என்ன படம் என்று தெரிந்ததும் தங்கை வரமாட்டாள் என்றே எண்ணினேன். எல்லிங்ஸ்ருட்டில் தன் வீட்டிலிருந்து பஸ் மாறி, ஒரு பெட்டி பொரித்த றோல்சுடன் வந்தாள். மகளைப் பார்த்தாள். கடைசி வரிசையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் குளிர் அங்கியைக் கழற்றாமல் இருந்தாள்.

“இப்ப இவையை லெய்ருக்குள்ள கொண்டு வரினம்,” என்று மகள் தொடங்கினாள்.

“முகாம் எண்டு சொல்லு பிள்ளை,” என்றாள் திருகோணமலைக்காரி.

“ஓம் அன்ரி. முகாம்.”

“உதென்ன, முகாமுக்குள்ளயும் புருவம் வில்லு மாதிரி இருக்குது?” என்றாள் நடுவரிசையில் ஒருத்தி.

பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. “பேன் இல்லாத முகாம் போல. ஒருத்தியும் தலை சொறியிறாளில்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். மகள் திரும்பவில்லை.

பாதிப் படத்தில் ஒரு தாயைச் சிப்பாய்கள் கொண்டுபோக வருகிறார்கள். அவள் தன் குழந்தையைத் தோழியின் கையில் கொடுக்கிறாள். “‘உன்னை மட்டும்தான் நம்பிறன், என்ர பிள்ளையைப் பாத்துக்கொள்’ எண்டு சொல்லுறா,” என்ற மகளின் குரல் இறங்கிவிட்டது. அறையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். அந்த நேரத்தில் தங்கை சிரித்தாள். வாய்விட்டுத்தான்.

“என்னடியப்பா, இதுக்குமோ சிரிப்பு?” திருகோணமலைக்காரிக்குக் கோபம்.

“சிநேகிதியிட்டக் குடுக்கிறாளே, விசரி.”

மகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். திரையில் வாய்கள் அசைந்தன. “அப்ப ஆரிட்டக் குடுக்கோணும்?” என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

திருகோணமலைக்காரி எழுந்து போய்ப் படத்தை நிறுத்தினாள்.

“எனக்கும் சிநேகிதி இருந்தவள்,” என்றாள் தங்கை. “பக்கத்துக் கூடாரம். தங்கமான மனுசி. தண்ணி வரிசையில ஆரும் அழுதால் தன்ர இடத்தைக் குடுத்திடுவாள். என்னை விசாரணைக்கு எண்டு வாகனத்தில ஏத்த வரேக்க அவள்தான் ஓடிவந்து கையை நீட்டினவள். நான் குடுக்கேல்ல.”

“பிறகு?” என்றாள் மகள்.

“அதே வரிசையில இன்னொருத்தி. விடிஞ்சால் எனக்கும் அவளுக்கும் சண்டை. என்ர வாளியைக் காலால தள்ளுவாள், நான் அவளின்ரயைத் தள்ளுவன். ஆமிக்காரன் வெருட்டினாலும் நிண்ட இடத்தை விடாள். உன்னை இழுத்துக்கொண்டு போய் அவளிட்டத்தான் விட்டனான். இடத்தை விடாதவள் பிள்ளையை விடுவாளோ?”

“அவ என்னைக் கட்டி வைச்சவா.”

“கட்டுவாள் எண்டு தெரியும். அதுக்குத்தான் விட்டது. கண் மூடித் திறக்கப் பிள்ளையள் துலைஞ்ச இடம் அது.”

திருகோணமலைக்காரிதான் கேட்டாள்: “நீ திரும்பி வரேக்க அவள் என்ன சொன்னவள்?”

“கட்டை அவிழ்த்துத் தந்திட்டு, ‘உன்ர பெட்டைக்கும் உன்ர வாய்தான், சாப்பாட்டுக்கு என்னோட ஒரே சண்டை. கொண்டு போ. இனி என்ர வாளிக்குக் கிட்ட வராதை’ எண்டாள். நான் அடுத்தநாளே போய்த் தள்ளினனான்.”

பெண்கள் சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மகள் சிரிக்கவில்லை. இப்போதுதான் கதிரையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள்.

“இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலமோ? நான் கேட்டனான்தானே.”

“‘ஏன் போனீங்கள், எங்கை போனீங்கள், ஆரோட போனீங்கள்.’ விசாரணையில கேட்டவங்களும் அப்பிடித்தான் கேட்டவங்கள்,” என்றாள் தங்கை. “எனக்கு ஏலாது, பிள்ளை. அப்பிடிக் கேட்டால் எனக்கு வாய் வராது.”

மகள் கதிரையைத் திரைப்பக்கம் திருப்பினாள். பிறகு, “போடுங்கோ அன்ரி,” என்றாள். படம் ஓடியது. அவள் மீதியையும் கடைசிவரை தமிழில் சொன்னாள். சில இடங்களில் ஒரு வரி பிந்தினாள். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. படத்தின் முடிவு எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. முகாமின் கேற்றைத் திறந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

கதிரைகளை அடுக்கி, மேசையைத் துடைத்து, அறையைப் பூட்டி, திறப்பைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வரும்போது இருவரும் பஸ் தரிப்பில் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். பாதி உருகிய பனி சேறாகிக் கிடந்தது.

“அந்த அன்ரி இப்ப எங்கை?”

“தெரியாது. பேரே தெரியாது. சண்டையில ஆர் பேர் கேக்கிறது?”

“முகம்?”

“முகம் தெரியும்.”

மகளின் விடுதி நகரத்துப் பக்கம். அவள் சுரங்க ரயிலுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் பஸ் வந்ததும் தாய்க்குப் பின்னால் ஏறினாள். முன்கதவு மூட முதல் அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

“விடிய எனக்கு வகுப்பு இருக்கு. ஏழு மணிக்கு எழுப்பிவிடுங்கோ.”

“நீ எழும்பின கதைதான்,” என்றாள் தங்கை.