காளீஸ்வரிக்குக் கிடைத்த என் பிறந்தநாள்

1. போன செவ்வாய்க்கிழமை பிற்பகல். முந்தைய நாள் மழையில் எங்கள் சோலார் பிளாண்டின் கேண்டீன் ஓரம் தண்ணீர் தேங்கியிருந்தது. சுத்தம் செய்ய வரும் அக்கா அங்கே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்.

2. அந்த வாசனை ஜன்னல் வழியாக கண்ட்ரோல் ரூமுக்குள் வந்தது.

3. பக்கத்து மேசைக்காரர் கைபேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆட்டம். ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் வேறொரு நாடு.

4. இந்தியாவின் பதினொன்றாம் எண் பெண் கார்னர் எடுப்பதற்கு முன் குனிந்து, இடது கால் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டாள்.

5. நான் மின்னழுத்த அளவுகளைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே எண்ணை இரண்டு வரிகளில் எழுதிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படிச் செய்ததில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எண் போட்டு எழுதுவது பொறியியல் படித்ததால் வந்த பழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அதற்கும் முந்தியது. ஏழாம் வகுப்பிலேயே காளீஸ்வரி என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, காலைல தின்ன தோசையக் கூடவா நம்பர் போட்டு வைப்ப?" என்று கேட்டிருக்கிறாள். அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்குக் கால்பந்து. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த நிலம்தான் எங்கள் மைதானம். கோடு போடச் சுண்ணாம்பு கேட்டால் பள்ளியில் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்ட அண்ணனிடம் போய் நிற்போம். தொட்டி கழுவ வைத்திருக்கும் பவுடரில் ஒரு டப்பா அள்ளிக் கொடுப்பார். "ஊருக்கே வயித்தால போச்சுன்னா நீங்கதேன் பஞ்சாயத்துல வந்து பதில் சொல்லணும்" என்பார். கரிசல் மண்ணில் அந்த வெள்ளைக் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரியும். பாதி ஆட்டத்தில் வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அதற்குப் பிறகு பந்து வெளியே போனதா இல்லையா என்பதை யார் சத்தம் போடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வோம். மைதானத்துக்குள் நாங்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் 'ஏலே'தான். "ஏலே விடுலே! ஏலே என்னயப் பாருலே!" என்று பெண் பிள்ளைகள் கத்துவதை டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

நான் கோல்கீப்பர். அதிகம் ஓட வேண்டாம் என்பதுதான் காரணம். இரண்டு சீமைக்கருவேலங் கம்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எங்கள் ஆட்களையும் எதிராளிகளையும் எண்ணிக்கொண்டிருப்பேன். காளீஸ்வரி இடது ஓரம். எங்கள் மண்ணில் பந்து உருளாது. கோடையில் வெடிப்பில் விழுந்து நின்றுவிடும், மழையில் சேறு பிடித்துக்கொள்ளும். அதனால் அவள் பந்தை உருட்டவே மாட்டாள். இடது பாதத்தை அடியில் கொடுத்து ஏந்துவாள். பந்து வெடிப்புகளுக்கு மேலே, இடுப்பு உயரத்தில், அவசரமே இல்லாமல் போகும். அது இறங்குகிற இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பாள். இப்போது நினைத்தால் அந்தப் பந்து இன்னும் கீழே இறங்காததுபோல் இருக்கிறது.

கால் எலும்பில் அடிபடாமல் இருக்க முன்னங்காலில் கட்டும் தட்டை வாங்க எங்களுக்கு வழியில்லை. ஆனால் தண்ணீர்ப் பஞ்ச ஊரில் உடைந்த பிளாஸ்டிக் குடத்துக்கு ஏது பஞ்சம்? குடத்தின் வயிற்றுப் பகுதியை வெட்டினால் அந்த வளைவு அச்சாகக் காலில் உட்காரும். என்னுடையது ஆரஞ்சு. காளீஸ்வரியுடையது பச்சை. ஒரே குறை, வியர்த்தால் வழுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து சாக்ஸை இழுத்துவிட வேண்டும். எதிரணிக்காரர்கள் நாங்கள் சாமி கும்பிடுகிறோம் என்று நினைத்தார்கள்.

குடத்தை விட்டுவிட்டு இப்போது பிறந்தநாளுக்கு வர வேண்டும்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே மாதத்தில் பிறந்தநாள். நம் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இதன் ரகசியம் தெரியும். ஜூனில் பிள்ளையைச் சேர்க்கக் கூட்டி வருவார்கள். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். எப்போது பிறந்தது என்று கேட்டால், "பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்குன அன்னைக்கு", "அந்தப் பெரிய மழைக்கு மறுவாரம்" என்று பதில் வரும். தலைமையாசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்து, வயது சரியாக ஐந்து ஆகும்படி மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பெயரைப் போல அதுவும் பள்ளிக்கூடத்தில் வைப்பது.

என் மே மாதம் மட்டும் நிஜம். என் அப்பாவுக்குத் திருச்சுழியில் இரும்புக் கடை. காகிதங்களைப் பத்திரப்படுத்துகிற மனிதர். நான் ஆஸ்பத்திரியில் பிறந்த தேதி சான்றிதழோடு இருந்தது. காளீஸ்வரி பக்கத்து வீடு. அவள் அப்பா மல்லியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. அவள் வீட்டில் பிறந்தவள், பங்குனியில், எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பின்னால். என்னைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று அவளுக்கு நாலேகால் வயதுகூட ஆகவில்லை. நான் அவள் கையை விட மாட்டேன் என்று அழுதேன். மூக்கு ஒழுகியதுகூட ஞாபகம் இருக்கிறது. தலைமையாசிரியர் இரண்டு அம்மாக்களையும் பார்த்தார்.

"சரி, ரெண்டையும் உள்ள விட்டுட்டுப் போங்க."

"இவளுக்கு இன்னும் வயசு ஆகலையே சார்."

"எழுதுனா ஆயிருது. அந்தப் புள்ளைக்கு என்ன தேதியோ அதேதான் இதுக்கும்."

இப்படித்தான் என் பிறந்தநாள் அவளுக்கும் கிடைத்தது. நாங்கள் அதில் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா. ஒரே பாக்கெட் மிட்டாயை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வகுப்பில் கொடுப்போம்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் காளீஸ்வரிக்கு தேசிய இளையோர் அணியின் பயிற்சி முகாமிலிருந்து அழைப்பு வந்தது. மாவட்டப் போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த யாரோ பெயரை அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் முகாம். அதில் தேறினால் வெளிநாட்டில் பந்தயம், மார்பில் நாட்டின் பெயர். கொண்டுபோக வேண்டிய காகிதங்களுக்கு நான்தான் பட்டியல் போட்டேன். பதினோரு இனங்கள். ரேஷன் கார்டு நகல் முதல் தடுப்பூசி அட்டை வரை வரிசையாகக் கோப்பில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். பிறந்த தேதி என்ற கட்டத்தில் கை தானாக என் தேதியை எழுதியது. அந்த வயதுப் பிரிவுக்கு, நான் பிறந்ததற்கு அடுத்த வருட ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் டிக் போட்டேன். ஏனென்றால் காளீஸ்வரி என்னைவிடச் சின்னவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததும் எழுதியதும் வேறு வேறு என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

முகாமிலிருந்து அவள் வாரம் ஒருமுறை யாருடைய போனிலிருந்தாவது பேசுவாள். "புல்லுடி! பூராம் புல்லு! பந்து நிக்கவே மாட்டேங்குது. லேசாத் தட்டுனா மதுரைக்குப் போயிருது." பக்கத்துக் கட்டில்காரி ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. "ஆனா ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டுத்தேன் இருக்கோம்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு நம் பந்து ஏந்தும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாளாம். பதிலுக்கு அவள், ஓரத்திலிருந்து உள்ளே வெட்டித் திரும்புவதைச் சொல்லிக் கொடுத்தாளாம்.

மூன்று வாரம் முடிந்ததும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவளை அழைத்துவர அவள் அப்பாவோடு நானும் போனேன். மதுரை பஸ்ஸிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். முதலில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வயசு கூடிருச்சாம்ப்பா. ஏழெட்டு மாசந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. "கை எலும்பப் படம் புடிச்சு வயசு பாத்தாகன்னு சொன்னியே தாயி. எலும்பு என்ன சொல்லுச்சாம்?"

"எலும்பு சின்னப் புள்ளைன்னுதேன் சொல்லுச்சாம்."

"அப்புறம் என்ன?"

"எலும்பக் காட்டுனா பாஸ்போர்ட்டு குடுக்க மாட்டாகளாம்ப்பா. காகிதத்துல என்ன இருக்கோ அதுதேனாம்."

நாடெங்கும் வயதைக் குறைத்து எழுதிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இவள் வயது கூடி மாட்டிக்கொண்டாள். மறுநாளே அவள் அப்பா தாலுகா ஆபீஸுக்குப் போனார். அங்கிருந்து கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். கோர்ட்டில் மாதங்கள் ஆகும் என்றார்கள். அணி கிளம்ப இரண்டு வாரம்தான் இருந்தது. என் கோப்பை அவரே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பதினோரு டிக்கும் அப்படியே இருந்தன.

அவள் இல்லாமல் போன அணி வெளிநாட்டில் ஆடிய முதல் ஆட்டத்தை நாங்கள் பள்ளியின் ஸ்மார்ட் கிளாஸ் அறையில் பார்த்தோம். சனிக்கிழமை, மத்தியானம். ஜன்னல்களுக்குப் பி.டி. டீச்சர் போர்வை கட்டியிருந்தார். சுவரில் பச்சையாக ஒரு மைதானம். வெயிலில் ஓடிவந்த கண்ணுக்கு அது முதலில் தண்ணீர் போலத் தெரிந்தது. நெட் சரியில்லாமல் படம் அடிக்கடி உறைந்துவிடும். ஒருமுறை ஜார்க்கண்டுப் பெண், பதினொன்றாம் எண், பந்தோடு ஓரத்தில் ஓடும்போது அப்படியே நின்றது. ஒரு கால் காற்றில். அறையே அவளோடு சேர்ந்து நின்றது.

"இப்ப உள்ள வெட்டுவா பாரு" என்றாள் காளீஸ்வரி. "வெட்டிட்டு வலது கால்ல அடிக்க மாட்டா. ஏந்திருவா."

சுவரில் காலம் மறுபடி நகர்ந்தபோது அவள் உள்ளே வெட்டினாள். ஏந்தினாள். பந்து அவசரமே இல்லாமல் எல்லாத் தலைகளுக்கும் மேலே போய் வலைக்குள் இறங்கியது. அது எங்கள் ஊர்ப் பந்து. வெடிப்புகளைத் தாண்டுவதற்காகக் கண்டுபிடித்த பந்து, ஒரு வெடிப்புகூட இல்லாத புல்லுக்கு மேலே போனது.

எல்லோரும் கத்தினோம். கத்தி ஓய்ந்தபோது சுவரில் அந்தப் பெண் குனிந்து இடது சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி என் காதில், "உள்ள என் பச்சக் குடந்தேன் இருக்கு. ஒண்ணு அவகிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள். நிஜமா என்று கேட்டேன். "வழுக்குதுல்ல? பின்ன எதுக்கு இழுத்து விடுறா?" ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. போர்வையை அவிழ்த்ததும் வெயில் உள்ளே வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளை எண்ணி அடுக்கினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளுக்கு போன் செய்தேன். பந்தல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் கிளைத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் ஆட்டத்தைப் பார்த்திருந்தாள்.

"பதினொண்ணப் பாத்தியா?"

"பாத்தேன். சாக்ஸை இழுத்துவிட்டா."

"அது நல்ல கம்பெனித் தட்டுடி. வழுக்காது. சும்மா பழக்கம்" என்று சிரித்தாள்.

இத்தனை வருடமாகக் கேட்காததை அப்போது கேட்டுவிட்டேன். "அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல நான் அழாம இருந்திருந்தா நீ போயிருப்பல்ல?"

அவள் தபால் முத்திரையை இரண்டு தடவை குத்தும் சத்தம் கேட்டது.

"நீ எங்க அழுத? நீ பாட்டுக்கு உள்ள போயிட்ட. திரும்பிக்கூடப் பாக்கல. நாந்தேன் கேட்டப் புடிச்சுக்கிட்டு ஊரக் கூட்டுனேன். அதப் பாத்துட்டுத்தேன் சாரு சேத்துக்கிட்டாரு."

உண்மையைச் சொல்கிறாளா, எனக்காகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டுந்தேன் அழுதீக. பெல்லடிக்கிற சத்தமே கேக்கல" என்றார்.

எங்கள் மைதானம் இப்போது நான் வேலை பார்க்கும் பிளாண்டின் மூன்றாம் பிளாக். நான் நின்ற கோல் இருந்த இடம் ஏழாவது வரிசைப் பேனல்களுக்கு அடியில். கரிசலில் வெடிப்பு அங்கே இன்னும் விழுகிறது, நிழலில். பள்ளியில் பெண்கள் அணி இல்லை. பிள்ளைகள் இப்போது ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். தேதி அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது. அது நல்லதுதான். இனி எந்தப் பிள்ளையும் காகிதத்தில் வயது கூடிப் பஸ் ஏறித் திரும்பி வர வேண்டியதில்லை. அழுகிற சிநேகிதிக்காக ஒரு பிள்ளையை ஒரு வருடம் முந்தி உள்ளே விடுகிற வாசலும் இனி இல்லை.

கோர்ட் மனுவை அவள் அப்பா பாதியில் விட்டுவிட்டார். காளீஸ்வரியின் எல்லாக் காகிதங்களிலும் இன்னும் என் தேதிதான். ஒவ்வொரு மே மாதமும் வங்கியிலிருந்து அவளுக்கு வரும் பிறந்தநாள் வாழ்த்தை அவள் எனக்கு அனுப்பிவிடுகிறாள். பங்குனியில் நான் அவளைக் கூப்பிடுகிறேன்.