ஏழு அங்குலக் குரல்

மைலோ டின்னை நகர்த்திச் சார்ஜர் வயருக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் பிரேமாவதி அக்கா செருப்பை மாட்டுவார். டின் இல்லாவிட்டால் அந்த ஏழு அங்குலச் சின்ன டேப்லட்டில் சார்ஜ் ஏறாது. கீழே பேக்டரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். "இருப்பா, வந்துட்டேன்லா" என்று மூன்றாவது மாடியிலிருந்து டிரைவருக்குக் கேட்காத குரலில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்காரனான என்னிடம் சாவியைக் கொடுத்துப் படியிறங்குவார்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கண்ணை மட்டும் விட்டுவைக்கும் வெள்ளை உடுப்பு, நாள் முழுக்க நின்றபடி. ஊருக்கெல்லாம் சிப் செய்து அனுப்புகிறவர் வீட்டில் டேப்லட்டுக்குத் தகர டின்தான் துணை. கேலி செய்தால் சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பிருக்காது. "உள்ள போய்ட்டா நானும் ஒரு மெஷினுதான் தம்பி. என்ன, மெஷினுக்கு காலு வலிக்காது."

அந்த டேப்லட் அவர் கணவர் முருகையா அண்ணனின் வாய். குருண் பக்கத்து எஸ்டேட்டுகளில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர், சத்தமாகப் பேசுகிறவர். பக்கவாதம் பேச்சையும் வலது கையையும் கொண்டுபோய்விட்டது, கண்ணையும் மங்கவைத்துவிட்டது. திரையில் ஆறு படங்கள். தொட்டால் பேசும். தண்ணி வேணும், டீ வேணும், வலிக்குது, சன்னல தெற... எல்லாம் அக்காவின் குரல். கடைசிப் படம் மட்டும் அண்ணன் கையைக் காட்டிக் காட்டிக் கேட்டு வாங்கியது. கீழே வலது மூலையில் ஒரு சோற்றுத் தட்டு. தொட்டால், "சாப்டியா?"

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து மகன் சுகுமாரன் பெரிய போன் ஒன்று வாங்கி வந்தான். "டேப்லட் அளவுக்கு இருக்குலா மா. அத தூக்கிப் போடு" என்று படங்களை அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் அந்தப் போனை அண்ணன் மடியில் வைத்துவிட்டு அக்கா தன் பழைய போனோடு வேலைக்குப் போனார். அன்று காலை "வலிக்குது, வலிக்குது" என்று அக்காவின் குரல் விடாமல் கேட்க, நான் சாவியோடு ஓடினேன். எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கேட்க அண்ணன் அதையே அழுத்தினார். கடைசியில் போனை வீசிவிட்டு அழுதார். அவர் கேட்டது டீ. போன் உயரம், ஒல்லி. படங்கள் இடம் மாறிவிட்டன. அவர் படம் பார்த்து அழுத்துகிறவரில்லை, இடம் பழகியவர். ஆம்புலன்சைக் கூப்பிட இருந்த நான் வெட்கத்தோடு டீ கலக்கினேன்.

அன்றோடு பெரிய போன் அக்காவின் கைப்பைக்குப் போனது. பகலெல்லாம் தொழிற்சாலை லாக்கரில் தூங்குகிறது. டேப்லட் பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஆனால் அதற்கும் வயதாகிவிட்டது. போன் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோசாக் ஆயிருச்சிக்கா, கெட்டுப்போச்சு. இப்ப போனே இவ்ளோ பெருசு, இந்தக் குட்டி சைஸ யாரு கேக்குறா? பத்து இஞ்சு எடுங்கலா" என்றார். "பத்து இஞ்சு அவரு மடியில நிக்காதுப்பா. ஒத்தக் கைதான இருக்கு" என்று அக்கா அதைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் டேப்லட் அணைந்தது. டின்னை நான் எப்படி எப்படியோ நகர்த்திப் பார்த்தேன். உயிர் வரவில்லை. அண்ணன் அதை மடியிலிருந்து எடுக்க விடவில்லை.

பொழுது சாய அக்கா வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லாமல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தார். அண்ணனின் இடது விரல் இருண்ட கண்ணாடியில் இருந்தது. கீழே, வலது மூலையில்.

"சாப்டேன்" என்றார் அக்கா.

அண்ணன் நம்பவில்லை. அதே இடத்தில் மறுபடியும் தட்டினார்.

அக்கா பையிலிருந்து காலையில் கட்டி இன்னும் திறக்காத சோற்று டப்பாவை எடுத்தார். நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டு, அவர் பார்க்க மூடியைத் திறந்தார்.