ரோசாவுக்கு நாள் பார்த்தது

நான் அவசரத்தில் முட்டாள்தனம் செய்கிற ஆள் அல்ல. ஆற அமர யோசித்து, எண்ணிப் பார்த்து, அதன் பிறகுதான் செய்வேன்.

அறுபதுகளின் நடுவில் மலைநாட்டுக் கந்தோரிலிருந்து எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தபோது, மனைவி ஒரு ரோசாச் செடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். குளிரில் பிறந்த செடி. நாங்கள் குடிவந்த கோப்பாய் ஊரின் வெயிலைக் கண்டதும் இலையைச் சுருட்டிக்கொண்டது. மேற்கே தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டினோம். பின்னேரத்தில் ஐந்து வாளி தண்ணீர். கந்தோர் முடிந்து, பஸ்ஸில் நின்றபடியே வந்து, சேட்டைக் கழற்றமுன் கிணற்றடிக்குப் போகவேண்டும். இப்படியே ஏழு வருடம். எனக்கும் ஒரு கிடுகு மறைப்பு இருந்திருந்தால் அதன் கீழே நானும் சுருண்டிருப்பேன்.

எங்கள் தேவாலயத்தில் பீடத்துக்குப் பூ வைப்பதைப் பெண்கள் முறைவைத்துச் செய்வார்கள். ஏழாவது வருடம்தான் ஈஸ்டர் முறை என் மனைவிக்கு வந்தது. மற்றவர்கள் செவ்வரத்தை வைப்பார்கள். இவளுக்குத் தன் ரோசாவை வைக்கவேண்டும். வேறொன்றும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

"வெட்டி ஏழு கிழமையில பூக்கும். தேயிலைச் செடியை வெட்டுற கவ்வாத்தையே பாத்த ஆள் நான். நீர் யோசியாதையும்" என்றேன். கவ்வாத்தைப் பார்த்தது உண்மை. பஸ் யன்னலால்.

சுவர்க் கலண்டரில் ஈஸ்டரைத் தேடி, அங்கிருந்து ஏழு கிழமை, அதாவது நாற்பத்தொன்பது நாள், பின்னோக்கி எண்ணி, அந்த நாளில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். வெட்டுவாய்களில் சாணியும் அப்பினேன்.

"இஞ்சாருங்கோ, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கி ரெண்டாம் கிழமை நடக்குது. இப்ப வெட்டினது நேரத்துக்குப் பூக்குமோ?"

"கலண்டர் பொய் சொல்லுமே?"

அவள் கத்தியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மூன்று கிழமை கழித்து, பிரசங்கத்தில் வழக்கம்போல அரைத்தூக்கத்தில் இருந்தேன். "வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு" என்றார் போதகர். அதற்கடுத்த ஞாயிறு ஈஸ்டர். தூக்கம் அன்றோடு போயிற்று. வீட்டுக்கு ஓடிவந்து கலண்டரைப் பார்த்தேன். போன வருடத்தது. பனிமலைப் படம் எனக்குப் பிடித்திருந்தபடியால் கழற்றவில்லை. புதியது அலுமாரிக்குள் சுருட்டியபடி கிடந்தது. அதில் ஈஸ்டர் இரண்டு கிழமை முந்தி வந்திருந்தது.

ஐந்து வாளி பத்தாயிற்று. மீன் கழுவின தண்ணீரும் ஊற்றினேன். செடியிடம் கெஞ்சியும் பார்த்தேன். முதுகு விட்டுப்போனதுதான் மிச்சம். ஈஸ்டர் காலையில் சிவந்த துளிர்களின் நுனியில் மிளகளவு மொட்டுகள் நின்றன. அவள் பக்கத்து வீட்டில் நந்தியாவட்டை கேட்டு வாங்கி, குரோட்டன் இலையுடன் சாடியில் வைத்தாள். "உயிர்த்தெழுந்தார்" என்று சபை பாடியபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். எழும்பச் சக்தியில்லை.

இரண்டு கிழமை கழித்து, பழைய கலண்டர் சொன்ன அதே தேதியில், செடி கொள்ளாமல் பூத்தது. கை நிறைய வெட்டிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

"பாத்தீரே, என்ரை கணக்கு ஒரு நாளும் பிசகேல்லை."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"போன வருச ஈஸ்டருக்குக் கொண்டுபோய் வையுங்கோ."