வடக்குக் கயிறும் தெற்குக் கயிறும்

எங்கள் வளவுக்கும் பக்கத்து ரியூசன் கொட்டிலுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலிதான் இருக்கிறது. பின்னேரங்களில் நான் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து கிழிந்த வலை பொத்துவேன். வேலிக்கு அந்தப் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் நடக்கும். படிப்பிக்கிற சேர் நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் சாம்பல்தீவுக்கு வந்து போகிற இளந்தாரி. அவருடைய குரலுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. கடற்கரை வரைக்கும் கேட்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்த வருடம் சண்டையால் ஊரை விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வகுப்பில் என் வயதுப் பிள்ளைகள் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கப்பட்டுக் கடலுக்குப் போனேன். அந்த வெட்கம் பிறகு என்னை விடவே இல்லை. நான்கு பேர் கூடினால் எனக்கு வாய் வராது. கடையில் சாமான் கேட்பதற்கும் மனைவிதான் போவாள். கோயில் கூட்டத்தில் யாராவது என் கருத்தைக் கேட்டால், பக்கத்தில் நிற்பவர் சொன்னதுதான் என் கருத்தும்.

ஆனால் காதுக்கு வெட்கம் இல்லை. வேலிக்கு அப்பால் மின்சாரம் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் வலை பொத்துகிற வேகம் குறைந்தது.

“தடையை ஓமிலை அளப்பம்” என்றார் சேர்.

“அப்ப ‘இல்லை’யிலை எதை அளக்கிறது சேர்?” என்று ஒரு பொடியன் கேட்டான். எங்களுக்கு ‘ஓம்’ என்றால் ‘ஆம்’தானே; கொட்டில் முழுக்கச் சிரித்தது. நானும் இந்தப் பக்கம் இருந்து சிரித்தேன்.

மின்னோட்டம் போன வழியே திரும்பி வர ஒரு சுற்று வேண்டும், சுற்று அறுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சேர் சொன்னார். மின்குமிழ்களை ஒன்றின் பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் அழுத்தம் பிரிந்து மங்கலாக எரியும், ஒவ்வொன்றுக்கும் தனி வழி கொடுத்துச் சமாந்தரமாக இணைத்தால் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரியும் என்றார். இது உண்மைதானா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று வீட்டில் கிடந்தது. சின்னக் குமிழ்கள் வாங்கி, குசினிக்குள் இருந்து முதலில் தொடராக இணைத்தேன். நோய் பிடித்த மாதிரி எரிந்தன.

“இதுக்குக் குப்பி விளக்கே திறம்” என்றாள் மனைவி.

“கொஞ்சம் பொறு.”

வயர்களைக் கழற்றிச் சமாந்தரமாக மாற்றினேன். குசினிச் சுவரில் இருந்த கரி கூடத் தெளிவாகத் தெரிந்தது. அவள் அடுப்பிலிருந்த கறியை மறந்து அண்ணாந்து பார்த்தாள்.

“ஆரிட்டப் படிச்சனீங்கள்?”

“வேலியிட்ட” என்றேன்.

அந்த வெளிச்சத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. புத்தகத்தில் இருப்பது பரீட்சைக்கு மட்டும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது சொன்னபடி சாமான்கள் கேட்கின்றன. என் குசினியிலும் கேட்கின்றன.

மின்சாரம் முடிந்து விசை தொடங்கியது. சேர் கரும்பலகையில் அம்புக்குறி கீறுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்கும், படம் தெரியாது. ஒரே பக்கமாக இழுத்தால் இரண்டு விசையும் கூடும், எதிரெதிராக இழுத்தால் கழியும் என்றார். இரண்டு பேர் விலகி நின்று சாய்வாக இழுத்தால், எவ்வளவு விலகுகிறார்களோ அவ்வளவுக்கு, இரண்டும் சேர்ந்து தருகிற விளையுள் விசை குறையும் என்றார்.

எனக்கு உடனே கரைவலை கண்ணுக்குள் வந்தது. வள்ளத்தில் போய் வலையை வளைத்து விட்டு வந்தால், அதன் இரண்டு கயிறும் கரையில் இரண்டு இடத்தில் இருக்கும். வடக்குக் கயிற்றுக்கு ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றுக்கு ஒரு கூட்டம். தூரத் தூர நின்று இழுக்கத் தொடங்கி, இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நடந்து வரும். கிட்ட வந்ததும் பாரம் குறைந்த மாதிரி இருக்கும். வலை கரைக்கு வந்துவிட்டதால்தான் அப்படி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது பாதிக் காரணம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொரு நாள் சேர் இரண்டு பெரிய பொடியன்களைக் கூப்பிட்டு ஒரு கயிற்றை நேராக இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வகுப்பிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நடுவிலை ஒரு விரலாலை பக்கத்துக்கு இழும்” என்றார். பொறுக்க முடியாமல் நான் கிடுகை விலக்கி எட்டிப் பார்த்தேன். பிள்ளை விரலை வைத்து இழுத்தாள். இரண்டு தடியன்களும் தள்ளாடி முன்னுக்கு வந்தார்கள். இறுகி நிற்கிற கயிற்றை நடுவில் கொஞ்சம் பக்கத்துக்கு இழுத்தால், நுனிகளில் அதைப்போலப் பல மடங்கு இழுவை வரும் என்று சேர் விளக்கினார்.

“சேர், வேலியுக்குள்ளாலை ஆரோ எட்டிப் பாக்கினம்!” என்றாள் ஒரு பிள்ளை.

நான் வலைக்கு மேலே விழுந்து எழும்பினேன்.

வாடைக்காற்று தொடங்குகிற காலம் வந்தது. எனக்கும் மனைவியின் தம்பிக்கும் பொதுவாக ஒரு பைபர் படகு இருக்கிறது. அதற்கு முன்னர் இரண்டு பேரும் சம்மாட்டியாரின் கரைவலையில் தெற்குக் கயிறு இழுத்த கூலிகள். வலைக்குச் சொந்தக்காரர் அவர். அவர் கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை. படகு வாங்கிய பிறகுதான் எந்த நேரம் கடலுக்குப் போவது என்பதை நாங்களே முடிவு செய்தோம். படகு போனால் திரும்பவும் அந்தக் கயிறுதான்.

ஒரு நாள் காலை அந்த மச்சான் தனியாக வலை எடுக்கப் போனவன். திரும்பி வரும்போது கழிமுகத்துக்குப் பக்கத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. அலை படகைத் தூக்கி மணல் திட்டில் போட்டது. அவன் குதித்துத் தப்பினான். நான் ஓடிப் போனபோது படகின் மூக்குக் கரையைப் பார்த்தபடி இருந்தது, பின்பக்கம் கடலுக்குள் இருந்தது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கி அடித்து இன்னும் கொஞ்சம் புதைத்தது. இயந்திரத்தைக் கழற்றிக் கரைக்குக் கொண்டு வந்தோம். உள்ளே நின்ற தண்ணீரை அள்ளி ஊற்றினோம். படகு அசையவில்லை. அந்த இடத்துக்கு உழவு இயந்திரம் வரப் பாதை இல்லை. மத்தியானம் கடல் பெருகி அலை பெரிதானால் படகு நடுவால் பிளந்துவிடும் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

சம்மாட்டியாரின் ஆட்கள் பக்கத்தில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு சத்தம் போட்டார். இரண்டு கூட்டமும் கயிறுகளோடு ஓடி வந்தன. படகின் மூக்கில் இரண்டு கயிறும் கட்டப்பட்டன. யாரும் எதுவும் சொல்லாமலே வடக்குக் கயிற்றுக்காரர் வடக்கே போனார்கள், தெற்குக் கயிற்றுக்காரர் தெற்கே போனார்கள். கால்கள் பழகிய வழி அது. இரண்டு கூட்டமும் ஒரு நாளும் கலந்து நின்று இழுத்ததில்லை. வடக்குக்குத் தனிப் பாட்டு, தெற்குக்குத் தனிப் பாட்டு. யாருடைய கயிறு முதலில் வந்தது என்பதில் கல்யாண வீட்டிலும் சண்டை வரும்.

இழுத்தார்கள். பாட்டு ஏறியது, குதிக்கால்கள் மணலுக்குள் போயின. படகு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“தெற்கிலை பெலன் காணாது! காலமை சாப்பிடேல்லையோ?” என்று வடக்கிலிருந்து கத்தினார்கள்.

“நீங்கள் கயித்திலை தொங்கிறியள், இழுக்கேல்லை!” என்று தெற்கிலிருந்து பதில் வந்தது.

மச்சான் தலையில் கை வைத்து மணலில் இருந்துவிட்டான். நான் இரண்டு கயிற்றையும் பார்த்தேன். சேர் கீறிய அம்புக்குறிகளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவை மணலில் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தன. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. இவ்வளவு ஆட்களின் பலத்தில் பெரும்பங்கு ஒருவரை ஒருவர் இழுப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

சம்மாட்டியாரிடம் போய் நின்றேன்.

“ஐயா, ஒண்டு சொல்லட்டே?”

அவர் திரும்பிப் பார்த்தார். “தம்பி வாய் திறந்திட்டான். இண்டைக்குப் பெருமழைதான். சொல்லு.”

“ரெண்டு கயித்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டு வரோணும். விலகி நிண்டா பெலன் வீணாப் போகுது.”

வடக்குக் கயிற்றின் தலைவர் அதைக் கேட்டுவிட்டார். “என்ன கதை இது? தெற்குக்காரனுக்கு எங்கட கயிறும் வேணுமாமோ? இவ்வளவு காலமும் வலை எப்பிடி வந்தது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் நிலத்தைப் பார்த்து, சரி, விடுங்கோ என்று சொல்லியிருப்பேன். ஒரு அலை படகில் மோதியது. பைபர் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

“வலைக்கு வாய் விரிஞ்சு இருக்கோணும் அண்ணை, அதாலை விலகி நிக்கிறம். இந்தப் போட்டுக்கு என்ன வாயே இருக்கு?” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. சம்மாட்டியார் தாடியைச் சொறிந்தார். “ஓம், அவன் சொல்லுறதும் சரிதான். வாங்கோடா எல்லாரும் நடுவுக்கு.”

முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கயிறும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. இழுத்தோம். படகு முனகிக்கொண்டு ஒரு கை நீளம் முன்னே வந்தது. கரையெல்லாம் கூக்குரல். ஆனால் அவ்வளவுதான். மூக்கு மணல் மேட்டில் முட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப இழுத்தும் அசையவில்லை.

“இனி ஏலாது. உள்ள பெலன் எல்லாம் போட்டாச்சு” என்றார் தலைவர்.

படகுக்கு நேரே கரையில் ஒரு பனை நின்றது. நான் அதைக் காட்டினேன். இரண்டு கயிற்றையும் சேர்த்து இறுக்கி அந்தப் பனையில் சுற்றுவோம், வடக்குக்காரர் பனையடியில் நுனியைப் பிடிக்கட்டும், தெற்குக்காரர் கயிற்றின் நடுவில் நின்று பக்கத்துக்கு இழுக்கட்டும் என்றேன்.

“பக்கத்துக்கு இழுத்தா போட் பக்கத்துக்கெல்லே போகும்?” என்றார் தலைவர்.

“போகாது. இறுகின கயிறு வளைய வேணுமெண்டா ஒரு நுனி கிட்ட வரோணும். பனை வராது. அப்ப போட்தான் வரோணும்.”

“இதை உனக்கு ஆர் சொன்னது?”

“இஸ்கூல் புத்தகத்திலை இருக்கு.”

“நீ எப்ப இஸ்கூலுக்குப் போனனீ?” என்றார் அவர். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குப் பயம் குறைந்தது.

“செய்து பாருங்கோ. வராட்டி நாளையிலை இருந்து நான் வடக்குக் கயிறு இழுக்கிறன்” என்றேன்.

தெற்குக்காரன் ஒருவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தலைவர் மறுபேச்சில்லாமல் போய்ப் பனையில் கயிற்றைச் சுற்றினார். அறுந்தால் கயிறு சவுக்கு மாதிரி அடிக்கும், அதன் நேரில் யாரும் நிற்க வேண்டாம் என்று ஆட்களை விலக்கினேன். கயிறு தந்திபோல இறுகியது. அடுத்தது யார் குரல் கொடுப்பது என்ற பிரச்சினை. வடக்குப் பாட்டுக்குத் தெற்கு அசையாது, தெற்குப் பாட்டுக்கு வடக்கு அசையாது. ஒரு கூட்டம் இழுக்கும்போது மற்றது பிடிக்க வேண்டும், அது விடும்போது இது சுற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே குரல் வேண்டும். எல்லோரும் திரும்பவும் என்னைப் பார்த்தார்கள்.

“இழு!” என்று கத்தினேன்.

தெற்குக்காரர் கயிற்றின் நடுவைப் பிடித்துப் பக்கத்துக்குச் சாய்ந்தார்கள். பனை ஓலை நடுங்கியது. கயிறு வளைந்தது. படகின் மூக்கு மேட்டின் மேலே ஒரு சாண் ஏறியது.

“விடு! சுத்து!”

கயிறு தளர்ந்ததும் வடக்குக்காரர் அந்தத் தளர்வைப் பனையில் சுற்றி எடுத்தார்கள். திரும்பவும் இறுகியது.

“இழு!”

இன்னொரு சாண். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்களும் ஓடி வந்து நடுக்கயிற்றைப் பிடித்தார்கள். என் மனைவி எல்லோருக்கும் முன்னால் நின்றாள். நான் கத்தினேன், அவர்கள் இழுத்தார்கள், நான் கத்தினேன், அவர்கள் சுற்றினார்கள். சாண் சாணாகப் படகு மணலைப் பிளந்துகொண்டு வந்தது. ஒரு பெரிய அலை பின்பக்கத்தைத் தூக்கிய அதே நேரத்தில் நான் “இழு!” என்றேன். படகு மேட்டைத் தாண்டிச் சறுக்கி, கெட்டி மணலில் வந்து நின்றது. நடுக்கயிற்றில் சாய்ந்து நின்ற அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள்.

பிறகு உருளைக் கட்டைகள் போட்டு மேலே ஏற்றியது விளையாட்டு மாதிரி இருந்தது. மச்சான் படகைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். அடியில் ஒரு நீளமான கீறல் இருந்தது. வெடிப்பு இல்லை.

“இழுத்தது நாங்கள்” என்றார்கள் தெற்குக்காரர்.

“பிடிச்சது நாங்கள். நாங்கள் விட்டிருந்தா நீங்கள் கடலுக்கை” என்றார்கள் வடக்குக்காரர்.

தலைவர் என் தோளில் கை போட்டு, “அந்தப் பனை விசயத்தை இன்னொருக்காச் சொல்லு தம்பி, எனக்கு வடிவா விளங்கேல்லை” என்றார். நான் ஒரு தடியை எடுத்து ஈர மணலில் அம்புக்குறிகளைக் கீறினேன். சுற்றிவர ஆட்கள் குனிந்து நின்றார்கள். தொண்டை கட்டிப்போய் என் குரல் தவளைக் குரலாக இருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். ஒருவர் குறுக்கே கேட்டார், அவருக்கும் பதில் சொன்னேன்.

அதற்குள் மச்சான் இயந்திரத்தை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தான். அதை முடுக்குகிற கயிற்றைச் சுண்டி இழுத்தான். பிடிக்கவில்லை. திரும்ப இழுத்தான். ஒருமுறை இருமியது, உப்புத் தண்ணீரைத் துப்பியது, பிறகு பெரிய சத்தத்தோடு பிடித்தது. அந்தச் சத்தத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன்.