காளான் டப்பாவும் இரண்டாம் வேற்றுமையும்

மருந்துக்கடையில் நின்று பிழைப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: வாங்குபவர் மருந்தோடு வரும் சீட்டைப் படிப்பதில்லை, படித்தால் தவறாகப் படிக்கிறார், ஏனெனில் அது தவறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இலக்கணம் முறையாகப் பயின்ற நான், ஆசிரியப் பணி கிடைக்கும்வரை என்று எண்ணி மயிலாப்பூரில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் இறுதியில் அங்கே காளான் கேப்ஸ்யூல்கள் மூன்று வகை டப்பாக்களில் வந்திறங்கின. உடம்புக்குத் தெம்பாம். எதை முதலில் வாங்குவது என்று கேட்காதவர் இல்லை. என்னைப் போல் மேசைக்குப் பின்னால் நின்று பதில் சொல்லச் சபிக்கப்பட்டவர்களே, உங்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

பெயரில்லாக் காளான்

மூன்று டப்பாவிலும் ‘அபூர்வக் காளான்’ என்றிருந்தது. எந்தக் காளான், அதன் எந்தப் பகுதி, ஒரு கேப்ஸ்யூலில் எவ்வளவு என்பது ஒன்றிலும் இல்லை. ‘அபூர்வ’ என்பது அடைமொழி, பெயர் அன்று. விற்பனைப் பிரதிநிதியிடம் இதைச் சொல்லிப் பெயர் கேட்டேன். அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“பேரைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன மேடம், ரேஷன் கார்டுல சேக்கப் போறீங்களா?”

கூடு

மாட வீதியிலிருந்து வரும் மாமி ஒருவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காளான் அவர் ஆத்துல நுழைந்ததில்லை. கேப்ஸ்யூலுக்குள் இருந்தால் குற்றமில்லையே என்று கேட்டார். “காளான் இருக்கட்டும், கேப்ஸ்யூலின் கூட்டைப் பாருங்கள். அது மாட்டெலும்பு காய்ச்சிய பசை” என்றேன். முதலாளி என்னை எரிப்பதுபோல் பார்த்தார். மாமி டப்பாவை வைத்துவிட்டு, முந்தானையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எனக்குக் கிடைத்தது பாராட்டு அன்று.

“இத்தனை வருஷமா விட்டமின் கேப்ஸ்யூல் எடுத்து எடுத்துக் குடுத்தியே, அப்பல்லாம் வாயில என்ன வெச்சிண்டிருந்தே?”

ஓர் உருபு

டப்பாவுக்குள் இருந்த துண்டுச்சீட்டில் ஒரு வரி: ‘வழக்கமான மாத்திரையை விட்டு அரைமணியில் உண்ணவும்.’ மாத்திரை விழுங்கியபின் அரைமணி இடைவெளி விட்டு, என்பது சொல்ல வந்த பொருள். மாத்திரையைக் கைவிட்டு, என்பது அச்சேறிய பொருள். ‘இடைவெளி’ விழுந்துவிட்டது, ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு மாத்திரையின் மேல் ஏறிக்கொண்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்போர் வந்து போகும் கடை அது. பதறிப்போய் முதலாளியிடம் காட்டினேன். அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

“இங்க யாரும்மா இலக்கணப் பரீட்சை எழுத வராங்க?”

சொன்னபடி செய்தவர்

ராயப்பேட்டையில் புத்தகம் பைண்டு செய்யும் காதர் பாய், மாதம் தவறாமல் என்னிடம் சர்க்கரை மாத்திரை வாங்குபவர். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தபோது ஒரு காலில் செருப்பு, மறு காலில் துணிக்கட்டு. நான் விடுப்பிலிருந்த நாளில் காளான் டப்பா ஒன்றை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கத்தியே விட்டேன். சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

“நானா நிறுத்தல மேடம். வுட்டுடுன்னு போட்டுகீது, வுட்டுட்டேன்.”

மேசைக்கு வெளியே

அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனேன். சர்க்கரை ஏறிப் புண் முற்றிவிட்டது, கால்விரல் ஒன்றை எடுக்க நேரலாம் என்றார் மருத்துவர். கடைக்குத் திரும்பி, இருந்த சீட்டுகள் அனைத்திலும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். “திருத்தாத டப்பா ஒன்று விற்றாலும் நான் வேலையில் இல்லை” என்றேன். முதலாளி அந்த டப்பாக்களை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினார்.

விரல் தப்பியது. இரண்டு மாதம் கழித்து, இரு காலிலும் செருப்போடு வந்த பாய், சர்க்கரை மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

“மாத்திரையும் துன்னுகினுதான் கீறேன் மேடம். இப்போ சொல்லு, புச்சா ஆரம்பிக்கிறவனுக்கு இந்த மூணுல எது தோதுப்படும்?”

அவருக்கு நான் சொன்ன ‘வேண்டாம்’ என்னும் எதிர்மறை வினைமுற்றை இரு பொருள்பட எவராலும் படிக்க முடியாது என்பது ஒன்றே, இத்தனை ஆண்டு கற்ற இலக்கணத்தால் அந்தக் கடையில் நான் கண்ட பயன்.