மெஸ்காரிக்கு அரைக்கரண்டிச் சோறு

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மெஸ் நடத்திவந்தோம். நான் சமைப்பேன், அவர் பரிமாறுவார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சேலத்து டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாவுச்சத்த நல்லா குறைக்கணும்மா. முதல்ல சோறு..." என்று தொடங்கினார். தினமும் அண்டா அண்டாவாக வடிக்கிறவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. பஸ் மலை ஏறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், இனிமேல் சோற்றைத் தொடுவதில்லை என்று.

தொடவும் இல்லை. காலையில் ராகிக் களி இரண்டு உருண்டை. மதியம் உருளைக்கிழங்குக் குருமாவோடு நாலு சப்பாத்தி. சாயங்காலம் கம்புத் தோசை. நடுவில் பசித்தால் பழம். அது பலாப்பழக் காலம் வேறு. நாகலூரில் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர், வாடிக்கையாகச் சாப்பிட வருபவர், ஒரு முழுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதிக்கு மேல் நான்தான் தின்றேன். சோற்றை விட்ட பெருமையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒருத்தர் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்களே திங்காத சோத்தையா எங்களுக்குப் போடறீங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாயங்காலம் வரை என்னை அடுப்படியை விட்டு வெளியே விடவில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால், சர்க்கரை முன்பைவிடக் கூடியிருந்தது. யாருடைய ரத்தத்தையோ என்னுடையது என்று எழுதிவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டே பக்கத்து வளையல் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரி ஒரு முஸ்லிம் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றை வளையல் டப்பாக்களுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

"புலம்பாதீங்கக்கா. நாளைக்குக் காலைல களி திங்கறதுக்கு முன்னாடி ஒருக்கா வாங்க, தின்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருக்கா வாங்க. பாத்துப்புடலாம்."

மறுநாள் அப்படியே செய்தோம். இரண்டாவது தடவை மெஷினைப் பார்த்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள். எண் கிடுகிடுவென்று ஏறியிருந்தது.

"களி கறுப்பா இருந்தா அது மாவு இல்லைன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அதுதான் எங்களுக்கு விளையாட்டு. ஒரு நாள் சப்பாத்தி, ஒரு நாள் கம்புத் தோசை, ஒரு நாள் பலாச்சுளை. எல்லாமே ஏற்றிவிட்டன. சோற்றை வாசல் வழியாக அனுப்பிவிட்டு அதன் சொந்தக்காரர்கள் எல்லாரையும் கொல்லை வழியாக உள்ளே கூப்பிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு எதிலும் நிதானம் கிடையாது. மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தினேன். முட்டை, முட்டைக்கோஸ், மோர், அவ்வளவுதான். மெஷினில் எண் மளமளவென்று இறங்கியது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நல்ல செய்திதானே, போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதச் சீசன். ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஸ்ஸில் உட்கார இடமில்லை. நான் காலையில் ஒரே ஒரு முட்டை தின்றதோடு சரி. அண்டாவில் இருந்து சோறு அள்ளும்போது கை நடுங்கியது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். ஆனால் வேர்வை குளிராக இருந்தது. வீட்டுக்காரர் ரசம் கேட்கிறார், எனக்கு ரசம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏ புள்ள! என்னாச்சு புள்ள?" என்று அவர் போட்ட சத்தத்தில் வளையல் கடைக்காரி மெஷினோடு ஓடிவந்தாள். குத்திப் பார்த்தவள், "சர்க்கரை நொம்ப எறங்கிப்போச்சுங்கண்ணா! சீக்கிரம் சர்க்கரைத் தண்ணி கலக்குங்க!" என்று கத்தினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குப் புகட்டினார்கள். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. எழுந்து எட்டிப் பார்க்கிறேன், சென்னையில் இருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒருவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையாக ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி அப்பளம் வைத்துக்கொண்டு போகிறாள். ஒருத்தர்கூடப் பசியோடு எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை மெஸ்ஸைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சேலத்துக்கு இறங்கினோம். நடந்ததை எல்லாம் கேட்ட டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சோத்தக் குறைக்கச் சொன்னேன், ஒழிக்கச் சொல்லலையேம்மா. சாப்பாட்ட இப்படி மாத்தினா மாத்திரையையும் மாத்தணும். அதை நான்தான் பார்த்துச் செய்யணும். என்கிட்ட சொல்லாம நீயே ஏன் செஞ்ச?"

"நல்லது தானுங்களே பண்றோம்னு நெனச்சேனுங்க" என்றேன்.

அவருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. மாத்திரையின் அளவைக் குறைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வட்டமாகத் தட்டு வரைந்தார். பாதித் தட்டுக்குக் காய். கால் தட்டுக்கு முட்டையோ மீனோ கடலையோ. மீதியில் ஓரமாக அரைக்கரண்டிச் சோறு, அதற்குமேல் ஒரு பருக்கை கூடாது. வேளை தப்பாமல் சாப்பிட வேண்டும். இந்தத் தடவை கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டேன். கேட்டதை வெளியில் வந்து வீட்டுக்காரரிடம் ஒரு தரம் ஒப்பித்தும் காட்டினேன்.

அந்தத் தட்டுக்குப் பழகுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. பாதித் தட்டுக் காய் என்பது சும்மா தொட்டுக்கொள்ளும் பொரியல் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு முழுச் சௌசௌ வேண்டியிருந்தது. மலையில் காய்க்குப் பஞ்சம் இல்லாததால் பிழைத்தேன். பீன்ஸை மிளகு தட்டிப்போட்டு வதக்கினேன், சௌசௌவைக் கூட்டு வைத்தேன், முட்டைக்கோஸில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினேன். வளையல் கடையில் இருந்து வெள்ளிக்கிழமை தோறும் மீன் குழம்பு வரும். "சோறு வரலீங்கக்கா, தேடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

ஒரு நாள் மெஸ் மூலையில் உட்கார்ந்து நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்டேட் ரைட்டர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, அது யாருக்குப் போடற சாப்பாடுங்க? எனக்குந்தான் சர்க்கரை இருக்குதுங்க."

அவருக்கும் அப்படியே ஒரு தட்டு போட்டேன். மறுநாள் இன்னொருவரைக் கூட்டிவந்தார். சீக்கிரமே "அக்கா சாப்பாடு ஒண்ணு" என்று குரல் வருவது வழக்கமாகிவிட்டது. மாத்திரை போடுகிறவர்களிடம், "உங்க டாக்டருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்காமல் நான் தட்டு வைப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அதில் மனசு ஒட்டவில்லை. அவருடைய சோறு அவருக்கு. ஆனால் வாரத்தில் ஒரு நாள், "இன்னிக்கு எனக்கும் உன்னுதே போடு புள்ள" என்பார்.

போன தீபாவளிக்கு வளையல் கடைக்காரிக்கு அதிரசம் கொடுத்தேன். ஒன்றை இரண்டாகப் பிட்டு ஆளுக்குப் பாதி தின்றோம். இரண்டு மணி நேரம் கழித்து மெஷின் இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்துவிட்டது. கடைகளைச் சாத்திவிட்டு ஏரியைச் சுற்றி நடக்கக் கிளம்பினோம். பாதி தூரம் போனதும் அவள் நின்றாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த இன்னொரு அதிரசத்தை எடுத்துக் காட்டி, "அக்கா, இதுக்கும் சேத்து இன்னொரு சுத்து நடக்கலாமுங்களா?" என்று கேட்டாள். அதைப் பிடுங்கி, எதிரில் வந்த பலூன்காரரிடம் கொடுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன்.