உப்புக்குளத்துச் சுவர்

மன்னார் உப்புக்குளத்தில் கூரையில்லாத ஒரு வீட்டின் சுவரில் ஸ்டெல்லா நீல மீன்கள் வரைகிறார். போர் முடிந்து ஊர் திரும்பியவர்.

"ஆரின்ர வீடு இது?" என்று கேட்கிறேன்.

"தொண்ணூறில ஊரைவிட்டு அனுப்பின முஸ்லிம் ஆக்கள்ற வீடு, வீட்டுக்காரர் இன்னும் திரும்பி வரேல்லை. நான் கொழும்பில தையல் வேலை செய்யேக்க, றோட்டுச் சுவரில படம் கீறுற ஆக்கள் போற வாற எல்லாருக்கும் தூரிகை குடுப்பினம். எனக்கும் தந்தவை. இஞ்சயும் அப்பிடிச் செய்தால் என்ன?"

வெயில் கடற்காற்றில் மிதக்கிறது. முக்காடிட்ட ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்கி வந்து நிற்கிறார்.

"இது எங்கட வாப்பாட வீடு."

ஸ்டெல்லா தூரிகையைத் தாழ்த்துகிறார். "கோவிக்காதேங்கோ அக்கா, வெள்ளை அடிச்சு விடுறன்."

அந்தப் பெண் மீன்களையே வெகுநேரம் பார்க்கிறார். பிறகு கை நீட்டித் தூரிகையை வாங்கி, மீன்களுக்கு நடுவே திறந்திருக்கும் ஒரு யன்னலை வரைகிறார்.